செஞ்சிக்கு ஒரு கடிதம் வாங்கப் போனேன்

செஞ்சிக் கோட்டைக்கு எப்படிப் போவது என்று பலர் கேட்கிறீர்கள். நான் முதலில் போனது கோட்டைக்காக அல்ல, ஒரு கடிதத்துக்காக.

எண்பத்தாறாம் வருடம். ஒரு கடிகாரக் கம்பெனியின் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருந்தேன். கைக்கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பூட்டி ஓட வைத்தவன் என்று, கடை வைத்திருக்கும் ரிப்பேர்காரர் ஒருவர் எழுதித் தர வேண்டும். அடுத்த மாதம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

அனந்தபுரம் சந்தையில் நின்றுபோன கடிகாரம் ஒன்றை வாங்கியிருந்தேன். "செஞ்சி அன்வர் பாய் சர்வீஸ் பண்ணது" என்று விற்றவர் சொன்னார். அதை நானே ஓட வைத்து அவரிடமே காட்டினால் கடிதம் கிடைத்த மாதிரிதான் என்று கணக்குப் போட்டேன்.

திருவண்ணாமலையிலிருந்து காலை 6.10 பஸ். 39 கிலோமீட்டர், 3 ரூபாய் 25 காசு. அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று போய்ச் சேர எட்டு மணியாகிவிட்டது.

பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. அன்வர் பாய் என்னைவிட இரண்டு வயது சின்னவர்! நான் நீட்டிய கடிகாரத்தை வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார்.

"இன்னாண்ணே இது, கண்ணாடி மாதிரி மின்னுது?"

"ஒரே கீறலா இருந்துச்சு பாய். பாலிஷ் போட்டுத் தேச்சுட்டேன்" என்றேன் பெருமையாக.

அவர் லென்ஸைக் கழற்றினார். "அது கீறல் இல்லண்ணே. ரிப்பேர் பண்றவன் ஒவ்வொருத்தனும் உள்ளார அவன் எழுத்தையும் மாசத்தையும் கீறி வெப்பான். நாளைக்கு எதுனா ஆச்சுன்னா, 'நாந்தான் செஞ்சேன்'னு நிக்கணும்ல. என்னுதையும் சேர்த்து அழிச்சிட்டீங்க."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஓடட்டும், பார்க்கலாம். நீங்க மலை ஏறிட்டு வாங்க" என்றார்.

கோட்டை மலையான ராஜகிரியின் உச்சிக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. செங்குத்தான படிகள், உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம். இத்தனை கல்லை இவ்வளவு உயரத்துக்கு யார் சுமந்தார்கள் என்று மலைத்துப் போனேன். அவர்கள் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. சும்மா ஏறி வந்தவர்கள்தான் சுவரெல்லாம் தங்கள் பெயரைக் கிறுக்கியிருந்தார்கள். கடிகாரத்துக்குள் இருந்த எழுத்துகளையும் இந்த மாதிரிக் கிறுக்கலாக நினைத்தேனே என்று என்மேல் எரிச்சல் வந்தது.

ஒரு மணிக்கு இறங்கி வந்தேன். கடிகாரம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடிதமும் தயாராக இருந்தது: "இவர் கடிகாரத்தை முழுதாகப் பிரித்துச் சரியாகப் பூட்டினார். பழைய அடையாளங்களை அழித்துவிட்டார். இனி அழிக்க மாட்டார்."

"பாய், அந்த நடு வரி வேணாமே?"

"அதுவும் நீங்க செஞ்ச வேலைதானேண்ணே."

பிறகு ஊசியை நீட்டினார். "கீறுங்க." மூடியின் உட்புறத்தில் என் எழுத்தையும் மாதத்தையும் கீறினேன். அவர் மூடியைப் பூட்டட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போய்த் தபால் உறை வாங்கி வந்தேன். மூன்று மணிக்குள் விண்ணப்பம் தபாலில் சேர்ந்தது.

நேர்முகத்தில் அதிகாரி அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "இனி அழிக்க மாட்டீங்களே?" என்றார். "மாட்டேன் சார்" என்றேன். இடம் கிடைத்தது.

நீங்கள் போவதானால் காலண்டரைப் பாருங்கள். அமாவாசையன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள், தின்பண்டத்தைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். சுவரில் தயவுசெய்து எதையும் கிறுக்காதீர்கள்.

பயிற்சியின் முதல் வாரம் அந்தக் கடிகாரத்தைத் திறந்தேன். என் எழுத்துக்குக் கீழே, நான் உறை வாங்கப் போன நேரத்தில் கீறியிருக்க வேண்டும், அன்வர் பாயின் எழுத்தும் அதே மாதமும் இருந்தன.