அம்மாவுக்குச் சாயம் ஏற்றினேன்

எனக்கு அப்போது ஏழு வயது. திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வீடு. நூலுக்குச் சாயம் போடுவது நைனாவின் தொழில். கொல்லையில் சாயத் தொட்டிகளிலிருந்து எப்போதும் ஆவி எழும். அந்த ஆவிக்குப் பின்னால் மலையும் கோபுரமும் மெல்ல அசையும். கோயில்தான் ஆடுகிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

தம்பி சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிறந்தான். பிறந்ததும் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நைனா போனில் சொல்லச் சொல்ல, எனக்குத் துணையிருந்த அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா செத்துப்போவாளா என்று கேட்டேன். அத்தை என் தலையைக் கோதினாள். அப்படிக் கோதியதற்குப் பதில் என்னை இரண்டு அடி அடித்திருக்கலாம். மதியம் மறுபடி போன் வந்தது.

“அழுவாத. போன ரத்தத்தையே மெஷின்ல புடிச்சி, கழுவி, மறுபடியும் அம்மாவுக்கே ஏத்திகினு இருக்காங்களாம். பொழச்சிக்குவா,” என்றாள் அத்தை.

வீட்டுக்கே உயிர் வந்தது. எனக்கு மட்டும் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. கழுவினால் என்ன ஆகும் என்று சாயக்காரர் வீட்டுப் பிள்ளைக்கா தெரியாது? சிவப்பு நூலை அலசினால் தண்ணீரெல்லாம் சிவப்பாகும். நூல் கொஞ்சம் வெளுத்துத்தான் வெளியே வரும். பயந்தபடியே ஆயிற்று. பத்து நாள் கழித்துக் காரிலிருந்து இறங்கிய அம்மா, இன்னும் தொட்டியில் முக்காத நூலைப்போல இருந்தாள். உதடுகூட வெள்ளை. கிட்டே போகவே பயமாக இருந்தது.

அத்தை பத்தியச் சோறு போட்டு, கூடவே வெற்றிலை பாக்கும் மடித்துக் கொடுப்பாள். அம்மா முகத்தைச் சுளித்துத் தள்ளிவிடுவாள். அவளுக்கு வெற்றிலை வாடையே ஆகாது, குமட்டும்.

இப்படியே விட்டால் சரிப்படாது என்று நான் முடிவு செய்தேன். நைனாவின் சிவப்புச் சாய டப்பாவில் ஒரு சிட்டிகை எடுத்து, அம்மா குடிக்க ஆற்றி வைத்திருந்த பாலில் கலக்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா பாலைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனியெல்லாம் சிவப்பு.

“நீ வாயில வெச்சியா?”

இல்லை, உனக்குத்தான், கழுவினதில் போன நிறம் திரும்பி வரட்டும் என்று போட்டேன் என்றேன். மறுபடியும் கேட்டாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். அதன்பிறகுதான் மூச்சு விட்டாள்.

“சரி, நான் குடிக்கிறேன். நைனாகிட்ட சொல்லாத. நீ போயி நல்லா கை கழுவிகினு வா.”

சோப்புப் போட்டும் சிவப்புப் போகவில்லை. திரும்பி வந்தபோது டம்ளர் காலி. சன்னலுக்கு வெளியே சுவரில் ரோஜா நிறத்தில் ஒரு வழிசல் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் அப்படி நூறு வழிசல் இருக்கும்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள். நாக்கும் உதடும் அப்படிச் சிவந்திருந்தன.

“ஏறிடுச்சி பாரு. இனிமே போட வேணாம்.”

அன்றுதான் அவளை ஒட்டிக்கொண்டு படுத்தேன். அப்புறம் ஒரு மாதம், நான் வரும்போதெல்லாம் அந்தச் சிவப்பு இருந்தது. நைனாவின் சாயத்தைவிட என் கைச் சாயம் கெட்டி என்று எனக்கு ஏகப் பெருமை.

அத்தை மடித்து வைத்த வெற்றிலை தினமும் தீர்ந்துபோனதை நானும் பார்த்தேன். கொல்லையில் அம்மா ஓங்கரிக்கும் சத்தமும் கேட்கும். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றாள் அத்தை. நானும் நம்பினேன்.