ஒரு துண்டு தில்பசந்த்

காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூரில் கலவரம் நடந்த வாரம் அது. ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவிலும் வெளியே தமிழ் பேசவே பயந்தோம். என் மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம், மசக்கை. இரண்டு நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. தில்பசந்த் என்றால் சாப்பிடுவேன் என்றாள். தேங்காய்ப் பூரணத்தை மாவுக்குள் வைத்து வட்டமாகச் சுட்டு, துண்டு போட்டு விற்பார்கள். உருதுவில் அதற்கு மனசுக்குப் பிடித்தது என்று அர்த்தமாம். பேக்கரிக்காரர்தான் ஒருமுறை சொன்னார்.

ஊரடங்கைத் தளர்த்தியதும் போனேன். பேக்கரி முன்னால் ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். எனக்குக் கன்னடம் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் தமிழச்சி என்று தெரிந்துவிடும். பேசாமல் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி ஒரு விரலைத் தூக்கினேன்.

"யாவ ஊரம்மா நிம்து?" என்றான் ஒருவன். எந்த ஊர் என்று கேட்கிறான். தூக்கிய விரலை நான் இன்னும் இறக்கவில்லை.

தினமும் என்னோடு தமிழில் பேசுகிற பேக்கரிக்காரர், பொட்டலம் கட்டியபடியே, "நம்ம பீதியவரு" என்றார். நம்ம தெருக்காரங்க என்று அர்த்தம். அவன் நகர்ந்து வழிவிட்டான்.

வீடு வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் கடைசித் தூள்வரை தின்றாள். வாந்தி எடுப்பாளோ என்று பாத்திரத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை.

"ஒண்ணுதானாம்மா? ரெண்டா வாங்கியிருக்கக் கூடாதா?" என்றாள்.

"அடி போடி, ஒரு விரலைத் தூக்கவே உசுரு போச்சு. இதுல ரெண்டா?"