டைகர் தெருவில், டாலர் பீரோவில்

இன்று காலை கணபதி பஸ் ஸ்டாப்பில் ஒரு நாய் பஸ் சக்கரத்தில் விழப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் வளர்க்கிற நாய் என்று பார்த்தாலே தெரிந்தது.

கழுத்தில் போன் நம்பர் இருக்கிறதா என்று தேடினேன். திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் கயிறு மட்டும்தான் இருந்தது.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அதோடு தெருத்தெருவாக வெயிலில் அலைந்தேன். மத்தியானம் ஒரு கேட்டைப் பார்த்ததும் அதுவே உள்ளே ஓடியது.

"டைகரு!" என்று அந்த வீட்டம்மா அதைக் கட்டிக்கொண்டு அழுதார். "ரொம்ப நன்றிங்க. காத்தால இருந்து பச்சத் தண்ணி குடிக்கலீங்க."

"ஏனுங்க்கா, கழுத்துல ஒரு நம்பரக் கட்டி உடக் கூடாதுங்களா?"

"அதெல்லாம் இருக்குதுங்க!"

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து நகைப்பெட்டியை எடுத்து வந்தார். அதில் ரோஸ் பேப்பரில் சுற்றிய வெள்ளி டாலர். ஒரு பக்கம் டைகர் பெயர், மறுபக்கம் போன் நம்பர்.

"வெள்ளிங்களா, தெனமும் போட்டா தொலஞ்சு போயிருமுங்க. விசேஷத்துக்கு மட்டுந்தான் போட்டு உடுவோம்."

"அப்ப நாய் தொலஞ்சா பரவால்லீங்களா?" என்று கத்திவிட்டேன். வந்த கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் கத்த வருகிறது எனக்கு.

"அப்படிச் சொல்லாதீங்க, பெத்த புள்ளையாட்டம் வளத்தறமுங்க" என்றார். சொல்லிக்கொண்டே டாலரைப் பேப்பரில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கேட் அப்போதும் திறந்தேதான் கிடந்தது.

உங்கள் வீட்டு நாயின் நம்பர் எங்கே இருக்கிறதுங்க, கழுத்திலா, பீரோவிலா?