ஜவாத் சேரின் ஜுப்பா அளவு

ஜவாத் சேர் வஃபாத்தான மரண அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது, அளவு நாடா என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்முனைக்குடியில் என் தையல் கடைக்கு முன்னால் போனவர்களெல்லாம் நின்று கேட்டார்கள். "இடுப்பெலும்பு உடைஞ்சி கிடந்தவர்தானே, பாவம்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். உங்களில் பலருக்கு அவர் உயிரியல் படிப்பித்தவர். எனக்கு முப்பது வருடக் கூட்டாளி. அவருடைய நல்ல குணங்களை நீங்கள் எல்லாரும் சொல்வீர்கள். நான் என் குற்றத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஜுப்பா தைக்க வருவார். "கரண்டைக்கு மேல ரெண்டு விரல், காக்கா. ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம்" என்று கணுக்காலைத் தொட்டுக் காட்டுவார். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு வருடம், போன பெருநாள் ஜுப்பா கரண்டைக்குக் கீழே இறங்குகிறது என்று கொண்டு வந்தார். துணி இளகிவிட்டதாக்கும் என்று ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். கழுவக் கழுவத் துணி சுருங்குமே தவிர நீளாது. அதுகூடத் தெரியாதவனா நான்?

அடுத்த வருடமும் அவருடைய நீள அளவு குறைந்தது. அதற்கடுத்த வருடமும். அளவுப் புத்தகத்தில் பழைய எண்ணை வெட்டிவிட்டுப் புதியதை எழுதினேன். "என்ன சேர், தேய்ஞ்சிட்டே போறீங்க?" என்று பகிடி வேறு. அவரும் சிரித்தார். "நாரிக்குள்ள ஒரு உளைவு, காக்கா" என்று முதுகின் அடிப்பக்கத்தைத் தடவினார். "வயசு போனா எல்லாருக்கும் உள்ளதுதானே சேர்" என்றேன். இந்த வாயை என்ன செய்தாலும் தகும்.

பிறகு ஒருநாள் அஸர் தொழுகைக்கு வுழூச் செய்ய, கை கால் கழுவப் போன இடத்தில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னார். புரஸ்டேட்டில் புற்றுநோயாம். ஆண் உடலில் சுரக்கும் ஓமோனை அடக்கும் ஊசியை மூன்று வருடமாகப் போட்டு வந்திருக்கிறார். மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இந்த ஊசியால் எலும்பு தேயும், ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"ஸ்கேன் எடுக்கப் போனன் காக்கா. வாங்குல வரிசையாக் குந்தியிருந்ததெல்லாம் பொம்புளையள்; எலும்புத் தேய்வு அவங்கட நோய் எண்டுதானே ஊர்ல நினைக்கிற. அதுல ஒராள் நான் படிப்பிச்ச பிள்ளை. 'என்ன சேர் இங்க?' எண்டு கேட்டிச்சி. பொஞ்சாதியக் கூட்டிட்டு வந்த எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி வந்திட்டன்."

பிறகு, வகுப்பில் கதைக்கிற அதே குரலில் சொன்னார்: "ஆம்புளைட ஓமோன்ல ஒரு பங்கு பெண் ஓமோனா மாறும் காக்கா. எலும்பக் கூடுதலாக் காக்கிறது அதுதான். ஊசி ரெண்டையும் குறைச்சிப்போடும். போர்ட்ல கீறிப் படிப்பிச்ச எனக்கே வெக்கம் வந்திட்டே."

அப்போதுதான் எனக்கு அளவுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. மறைக்க மனம் வரவில்லை. "சேர், நீங்க ரெண்டு அங்குலத்துக்கு மேல குறைஞ்சிரிக்கீங்க" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். "அது முள்ளந்தண்டு. உள்ளுக்குள்ள நொறுங்கிட்டே வந்திரிக்கி." பிறகு, கோபமே இல்லாமல், "அந்த அளவ நீங்க சொல்லியிருந்தா வெக்கத்த விட்டுட்டுப் போயிருப்பன்" என்றார். நான் அழுதேன். "அழாதீங்க. நான் போன பிறகு ஊருக்குச் சொல்லுங்க" என்றார்.

அவர் எழும்பவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி ஒரு மாதத்துக்குள் போய்விட்டார். அல்லாஹ் அவருடைய கப்ருக் குழியை விசாலமாக்குவானாக. என்னை மன்னிப்பானா என்று தெரியவில்லை.

அவர் அளவுகள் உள்ள பக்கம் என்னிடம் இருக்கிறது. அவரில் எனக்கு மிஞ்சியது அதுதான். இப்போது வயதான ஆண் யார் வந்தாலும் பழைய அளவைப் புரட்டிப் பார்க்கிறேன். போன கிழமை சம்மாந்துறையிலிருந்து வந்த ஒருவருக்கு ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. சேரின் கதையைச் சொல்லி, டொக்டரிடம் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் தோளில் தட்டிச் சிரித்தார்.

"வயசு போனா எல்லாருக்கும் உள்ளதுதானே, காக்கா."