படகில் பத்துப் பேர்

கனடாவிலிருந்து வரவிருந்த தம்பி பரமேஸ்வரன் கேட்டதால், முள்ளியவளை அமராவதி திருகோணமலைக்குப் போய் உல்லாசப் படகொன்றை ஒரு நாளுக்குத் தனியாகப் பதிவு செய்துவிட்டு வந்தார். பத்துப் பேருக்குத்தான் இடம். தம்பி வீட்டார் ஒன்பது பேருடன் தன் பெயரையும் எழுதிக் கொடுத்தார். கடைசி யுத்தத்தில் கடற்கரையில் கணவரைப் பறிகொடுத்த பிறகு அவர் கடல் பக்கம் போனதேயில்லை. தம்பி பக்கத்தில் இருந்தால் போகலாம் என்று பட்டது.

அன்று விடியமுன் எழும்பி நண்டுக்கறியும் புட்டும் சமைத்து, முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். துறையில் தம்பியோடு கொழும்பு நண்பர் ஒருவரும் நின்றார்.

"அக்கா, ஒராள் கூடிப்போச்சு. நீங்கள் காணாத கடலே? இவர் ஆசைப்பட்டு வந்திட்டார்."

"ஓம், நீங்கள் போயிட்டு வாங்கோ."

படகுக்காரர் அவருடைய பெயரை வெட்டினார். தம்பி சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு ஏறினான். படகு திரும்பும்வரை அமராவதி காத்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த வருடமும் தம்பி கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, அந்தப் படகை இன்னொருக்கா பதிஞ்சு தாங்கோவன்."

"எனக்கு ஏலாது. வேற ஆரையும் பிடி."

அதற்குப் பிறகு அவன் அழைக்கவேயில்லை.