நோன்பு மாதத்து உப்பு

போன வாரம் கல்லடியில் ஒரு விடுதி மண்டபத்தில் எங்களைப் போன்ற பழைய பொறுப்பாளர்களைப் பிடித்து உட்கார வைத்து, வேலை செய்பவர்களிடம் குறையை எப்படிச் சொல்வது என்று ஒரு தம்பி வகுப்பெடுத்தார். திரையில் சாண்ட்விச் மாதிரி இரண்டு பாண் துண்டுகள். மேல் துண்டு பாராட்டு, நடுவில் குறை, கீழ்த் துண்டு மறுபடியும் பாராட்டு. இப்படிச் சொன்னால் யாருக்கும் நோகாதாம். நல்ல பிள்ளைதான், கழுத்துப்பட்டி கட்டி வேர்த்துக்கொண்டு நின்றார். எனக்கு என் வாயைப் பற்றித் தெரியும். பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

"தம்பி, பாண மட்டும் திண்டுட்டு நடுவில கிடக்கிறதத் துப்பிட்டுப் போனா என்ன செய்யிற?"

பக்கத்தில் இருந்தவர் என் காலை மிதித்தார். மத்தியானம் தந்த சோற்றுப் பார்சலில் மீன் குழம்பு உப்புக் கரித்தது. மிதித்தவர் உட்பட எல்லோரும் மூச்சு விடாமல் தண்ணீர் குடித்தார்கள், தம்பி வந்து கேட்டபோது அருமை என்றார்கள். அந்த உப்பு வாயோடுதான் எனக்கு நபீலாவின் நினைவு வந்தது.

வாவிக் கரையில், மீனவக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் பல வருடங்களுக்கு முன் நான் பொறுப்பாக இருந்தேன். வாடகை வீடுதான் அலுவலகம், பின்பக்கம் குசினி. காத்தான்குடியிலிருந்து நபீலா வந்து எங்களுக்குச் சமைப்பாள். பதினொரு மணிக்கு றம்பை இலையும் வெங்காயமும் வதங்கும் வாசம் வந்துவிட்டால் கணக்காளர் தேவநேசனுக்குக் கூட்டல் பிழைபடத் தொடங்கும். கட்டாருக்கு உழைக்கப் போய் முதுகெலும்பு நொந்து திரும்பிய கணவர் வீட்டில் படுத்திருந்தார். மூன்று பிள்ளைகள். அந்தக் குடும்பம் அவளுடைய சம்பளத்தில்தான் ஓடியது.

ரமழான் நோன்பு தொடங்கியது. லீவு எடுங்கள் என்றேன், மாட்டேன் என்றுவிட்டாள். சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று அவளுடைய ஊரிலேயே சொல்வார்கள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கைக்கணக்கில் உப்பைப் போட்டாள். ஒருநாள் கறி பச்சைத் தண்ணீர், மறுநாள் கடல். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நோன்பு பிடித்துக்கொண்டு சமைக்கிற பிள்ளையிடம் போய்க் குறை சொல்வதா என்று, "நல்லா இரிக்கு நபீலா" என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டு மிச்சத்தை வாவியில் கொட்டினார்கள். அந்த மாதம் மீன்கள்தான் கொழுத்திருக்கும். நான் வீடு கட்டுகிற ஊர்களில் அலைந்துகொண்டிருந்ததால் இந்தக் கூத்து எனக்குத் தெரியாது.

ஆனால் அதே மரியாதைக்காரர்களில் யாரோ கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து எனக்கு உத்தரவு வந்தது. மாத முடிவோடு சமையல்காரியை நிறுத்து, கடையில் சோற்றுப் பார்சல் எடு. காரணம் சொல்லாதே, மதப் பிரச்சினையாகிவிடும், காசு இல்லை என்று மட்டும் சொல். கூடவே இதுவரை செய்த சேவைக்கு நன்றியும் சொல்ல வேண்டுமாம்.

முடியாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். ஒருத்தியின் அடுப்பை அணைக்கிற ஆட்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கிற தைரியமாவது இருக்க வேண்டாமா?

அன்றைக்கு மத்தியானம் எல்லோரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து நபீலாவையும் கூப்பிட்டேன். இவளுடைய வேலை போகப் போகிறது, ஏன் என்று இவளிடமே சொல்லுங்கள் என்றேன்.  கடைசியில் தேவநேசன்தான் வாயைத் திறந்தார்.

"உப்பு, நபீலா. ஒருநாள் இல்ல, மறுநாள் கூடிப்போகுது."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"முதல் நாளே சொல்லியிருந்தா ஆரையாவது வெச்சு ருசி பாத்திருப்பன். நல்லா இரிக்கு, நல்லா இரிக்கு எண்டு சொல்லிச் சொல்லியே என்ட வேலையத் திண்டுட்டீங்களே."

அதோடு விடவில்லை, என் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் மிஸ். காலைக் கூட்டத்தில சில பேருக்குக் கவனம் இல்ல எண்டு சொல்றீங்க. ஆரு அந்தச் சில பேர்? எல்லாரும் பயந்துபோய் மத்த ஆளப் பாக்கிற. எனக்கெண்டா என்னட்டச் சொல்லுங்க."

சுள்ளென்றது.  ஆனால் எல்லோரையும் சொல்லச் சொன்னதே நான், எனக்கு விழுந்ததும் முறைக்கலாமா? சரி என்றேன். பிறகு என் கூட்டங்களில் அந்தச் சில பேர் என்ற பேச்சே வரவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போய்ச் சொன்னேன். நொந்தது, நோகட்டும். உப்புப் பிரச்சினை ஒருநாளில் தீர்ந்தது. தேவநேசன் பதினொரு மணிக்குக் குசினி வாசலில் உள்ளங்கையை நீட்டுவார், அவள் ஒரு சொட்டுக் குழம்பு விடுவாள், அவர் நக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். ருசி பார்க்கிற சாட்டில் கறியைக் காலி பண்ணுகிறார் என்று அவள் என்னிடம் முறையிட்டதும் உண்டு.

கொழும்புக்கு, அவளை நிறுத்தினால் நானும் வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். பெருநாளுக்கு அவள் பெரிய சகன் தட்டு நிறையச் சோறு கொண்டுவந்தாள். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அள்ளிச் சாப்பிட்டோம். அப்படிச் சாப்பிடும்போது எதை யார் ஒதுக்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சில வருடங்களில் என்னை வந்தாறுமூலைப் பக்கம் மாற்றினார்கள். எனக்குப் பின் வந்தவர் இனிமையான மனிதர், சத்தமே போடமாட்டார். ஒருநாள் பின்னேரம் நபீலா கைபேசியில் அழைத்தாள். 

"நிப்பாட்டிட்டாங்க மிஸ். பொன்னாட போத்தினாங்க. என்ட கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராதாம். மறுகா ஏன் நிப்பாட்டின, என்ன பிழை செஞ்சன் எண்டு கேட்டன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

நான் விசாரிக்கப் போனேன். பெரிதாக ஒன்றுமில்லை, நல்ல பெண், நிர்வாகத் தீர்மானம் என்று சிரித்துக்கொண்டே தேநீர் தந்தார்கள். தேவநேசன் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். குசினிக்குப் பூட்டுப் போட்டு, சாப்பாட்டு மேசையையும் தூக்கிவிட்டார்கள். இப்போது அவரவர் பார்சலை அவரவர் கணினிக்கு முன்னால் பிரித்துத் தின்கிறார்கள். நபீலாவின் கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.