ஓராளோளம் உண்டு

கோம்பைக்குக் கிழக்கே ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தோம். வலை மடைக்கல்லில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட என் வீட்டுக்காரர் இறங்கினார். பொழுது சாய்கிற நேரம். ஏறி வரவில்லை.

கொழுந்தன் மூழ்கி மூழ்கிப் பார்த்தான். இருட்டிவிட்டது. விடிந்ததும் இறங்குகிறேன் என்றான். தீயணைப்பு வண்டி மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்த இடத்துக்குப் போயிருந்தது. வர நேரமாகும் என்றார்கள். மடைக்கல் இடுக்கு தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அதில் ஒருத்தர் உள்ளே கிடந்தார்.

விடியும்போது எல்லார் செல்லிலும் ஒரு வீடியோ வந்திருந்தது. சேற்றில் ஒரு மீன். கெளுத்தி மாதிரி மீசை. பக்கத்தில் நிற்கிற ஆள் பொடியனாகத் தெரிந்தான். மேலே தமிழில், 'தேனி மாவட்டக் கண்மாயில் ஆளை விழுங்கும் ராட்சத மீன். உடனே பகிரவும்' என்று எழுதியிருந்தது. பேசிய குரல் மலையாளம்.

முழங்கால் தண்ணீரில் நின்ற கொழுந்தன் அதைப் பார்த்தான். கரையேறிவிட்டான்.

"என்னப்பா?"

"இறங்க மாட்டேன் மதினி. அண்ணன் அது வயித்துக்குள்ள இருக்காரு."

"எவன் சொன்னான்?"

"அவனே சொல்றானே, கேளுங்க. ஓராளு உள்ள உண்டுங்கிறான்."

செல்லை என் காதில் வைத்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவள். மலையாளம் தெரியும். 'ஓராளோளம் உண்டு' என்றுதான் அவன் சொன்னான். ஓர் ஆள் அளவுக்கு இருக்கிறது என்று அர்த்தம். நீளத்தைச் சொன்னான். வயிற்றை இல்லை.

சொன்னேன்.

"ஏலக்கா பெறக்கப் போனவ மலையாளம் படிச்சுக் குடுக்குறா," என்றது கரையில் ஒரு குரல். சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரருடைய சித்தப்பா என் பக்கத்தில் வந்தார்.

"ஏத்தா, இல்லாத உடம்பத் தேடி இன்னொருத்தனையும் காவு குடுக்கவா? மாவுல உருவம் பிடிச்சு எரிச்சுருவோம். பெரியவுகளும் அப்பிடித்தான் சொன்னாக."

"உடம்பு அங்கனதான் கிடக்கு."

"இருந்தா மிதந்திருக்கும்ல?"

வலையில் சிக்கிய உடம்பு மிதக்காது. கயிற்றை இடுப்பில் கட்டினேன். நுனியைக் கொழுந்தனிடம் கொடுத்தேன்.

"இதையாவது பிடி."

பிடித்தான்.

"மீனுக்கு ரெண்டாம் பந்தி போகுதுடா," என்றான் ஒருத்தன்.

கலங்கல் தண்ணீர். கையால்தான் பார்த்தேன். கல் தட்டுப்பட்டது. வலை தட்டுப்பட்டது. பிறகு கால். மேலே வந்து கத்தி வாங்கிக்கொண்டு திரும்பப் போனேன். வலையை அறுத்தேன். கயிற்றை அவருக்கு மாற்றிக் கட்டி ஆட்டினேன். இழுத்தார்கள்.

உடம்பு முழுசாக இருந்தது. உதடும் கண்ணிமையும்தான் இல்லை. ஜிலேபி மீன் குஞ்சுகள் கொறித்திருந்தன. விரல் நீளம்கூட வராது அதுகள்.

"பாத்தீகளா, கடிச்சிருக்கு!"

எல்லாச் செல்லும் அவர் முகத்துக்கு நேரே வந்தது. முந்தானையால் மூடினேன்.

"கைய எடு ஆத்தா. முகம் தெரியட்டும்."

கொழுந்தன்தான் அவர்களைத் தள்ளிவிட்டான். அதற்குள் படம் எடுத்துவிட்டார்கள். நாங்கள் எரித்துவிட்டு வருவதற்குள் வீடியோவோடு படமும் சேர்ந்து சுற்றியது. அதுவரை நம்பாதவர்களும் அப்புறம் நம்பினார்கள்.

குத்தகையை விடவில்லை. வேறு பிழைப்பு தெரியாது. கம்பம் சந்தையில் ஒருத்தி கூடையைக் குனிந்து பார்த்துக் கேட்டாள்.

"உம் புருசனத் தின்ன மீனா?"

"அது வித்துப்போச்சு. இது வேற," என்றேன். ஒரு கிலோ வாங்கிப் போனாள்.

போன மாசம் கொழுந்தன் மகள் எனக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். வெளியூரில் படிக்கிறாள். அவர் போனபோது சின்னப் பிள்ளை. படத்தில் வேறு ஊர்ப் பேர் போட்டிருந்தது. கூடவே அவள் குரல்.

"பெரியம்மா, எப்பிடித் தின்னிருக்குன்னு பாருங்க. பாவம், யாரு பெத்த பிள்ளையோ. தண்ணிக்குள்ள இறங்கையில சூதானம்."

அது உன் பெரியப்பா என்று நான் சொல்லவில்லை.

"சரித்தா," என்று பதில் போட்டேன்.